காத்தாடி அப்பாவி... நூல்தான் வில்லன்!

‘‘மேனேஜர் என்னை டீல்ல விட்டுட்டார்ப்பா!’’

ஆபீஸ் கேன்டீனில் இந்த டயலாக்கை எத்தனை தடவை கேட்டிருப்பீர்கள்? லீவு தருகிறேன் என்று தலையாட்டிவிட்டு வெள்ளிக்கிழமை சாயங்காலம் கை விரித்த மேனேஜர், டிக்கெட் எடுத்து வைக்கிறேன் என்று சத்தியம் பண்ணிவிட்டுக் காணாமல் போன நண்பன், ‘வீட்ல கேட்டுச் சொல்றேன்’ என்று சொல்லிவிட்டு அடுத்த மாதமே கல்யாணப் பத்திரிகையோடு வந்து நின்ற பக்கத்து சீட் பெண்... இவர்கள் எல்லோரும் நம்மைக் கொண்டுபோய் விட்ட இடம் ஒன்றுதான். டீல்!

இது இங்கிலீஷ் ‘டீல்’ இல்லை சார். பிசினஸுக்கும் இதற்கும் ஸ்நானப்பிராப்திகூடக் கிடையாது. வட சென்னை மொட்டை மாடிகளிலிருந்து நூல் பிடித்து இறங்கி வந்த வார்த்தை என்பார்கள். இந்தியில் ‘டீல்’ என்றால் தளர்த்துவது. காத்தாடிச் சண்டையில் நூலைத் தளர்த்தி ஓடவிடுவதற்கு அந்தப் பெயர். அது நம்ம ஊருக்கு வந்ததும் சண்டைக்கே பெயராகிவிட்டது. ‘டீல் போடலாமா?’ என்றால் சண்டைக்கு அழைப்பு. ‘டீல்ல போயிடுச்சு’ என்றால் நூல் அறுந்து, காத்தாடி அநாதையாக மிதந்து போய்விட்டது என்று அர்த்தம். மேனேஜர் நம்மை விட்டதும் அந்த மாதிரிதான்!

‘அந்தப் பொண்ணுகிட்ட நூல் விட்டுப் பார்க்கிறான்’ என்கிறோமே, அதுவும் எங்கள் சொத்துதான் என்று காத்தாடிக்காரர்கள் கொண்டாடுவார்கள். தூண்டில்காரர்கள் போட்டிக்கு வரலாம். அந்தப் பஞ்சாயத்து நமக்கு வேண்டாம்.

ஆக, ஜென்மத்தில் காத்தாடி நூலையே தொடாதவன் வாயில்கூட காத்தாடி பாஷை இருக்கிறது. ஆனால் சென்னை மாடியில் காத்தாடி ஏறினால் பின்னாலேயே போலீஸும் படி ஏறும். அப்படி ஒரு நிலைமைக்கு அந்த விளையாட்டு வந்து நிற்கிறது. அதற்குக் காரணம் காத்தாடி இல்லை.

இரண்டு குச்சி, ஒரு பேப்பர்

சண்டைக் காத்தாடியைப் போல ஏழைக்கு ஏற்ற விளையாட்டுச் சாமான் உலகத்தில் கிடையாது. கிரிக்கெட்டுக்கு மைதானம் வேண்டும். கேரம்போர்டுக்குப் பவுடராவது வேண்டும். இதற்கு இரண்டு மூங்கில் குச்சி, ஒரு மெல்லிய பேப்பர், கொஞ்சம் பசை. நட்ட நடுவில் நேராக ஒரு குச்சி. குறுக்கே வில் மாதிரி வளைத்து இன்னொரு குச்சி. இரண்டும் சேரும் இடத்தில் துளை போட்டு, கீழே ஒரு துளை போட்டு, இரண்டையும் சேர்த்து ஒரு நூல் கட்டுவார்கள். அதற்குப் பெயர் சூத்திரம். பெயருக்கேற்ற மாதிரி வித்தை முழுக்க அதில்தான். சூத்திரம் ஒரு விரற்கடை மேலே கீழே போனால், காத்தாடி ஒன்று மேலே போகாமல் அடம் பிடிக்கும், அல்லது தலைகீழாகக் குட்டிக்கரணம் அடிக்கும்.

இந்தச் சண்டைக் காத்தாடிக்கு வால் கிடையாது. வால் இருந்தால் காத்தாடி சாதுவாக ஒரே இடத்தில் நிற்கும். குழந்தைகளுக்கு அது சரி. சண்டைக்குப் போகிறவன் அப்படி நிற்க முடியுமா? வாலில்லாத காத்தாடியின் ரகசியம் இதுதான். நூலை விறைப்பாக இழுத்தால் குறுக்குக் குச்சி வளைந்து, மூக்கு எந்தப் பக்கம் இருக்கிறதோ அந்தப் பக்கம் அம்பு மாதிரி பாயும். நூலை லூஸ் விட்டால் குச்சி நிமிர்ந்து, பேலன்ஸ் போய், தன்னைத்தானே சுற்ற ஆரம்பிக்கும். சுற்றுகிற காத்தாடியின் மூக்கு நமக்கு வேண்டிய திசைக்கு வரும் அந்த ஒரு நொடி பார்த்து மறுபடி இழுக்க வேண்டும். ஸ்டீயரிங், பிரேக், ஆக்ஸிலரேட்டர் மூன்றும் ஒரே நூலில்! இடது கையில் கட்டுப்பாடு, வலது கையில் இழுப்பு, நூல் சுற்றிய லொட்டாயைப் பிடித்துக்கொண்டு பின்னால் நிற்க ஒரு தம்பி. அந்தத் தம்பிக்குச் சம்பளம் கிடையாது. அண்ணன் தோற்றால் திட்டு மட்டும் உண்டு.

பத்தாவது மாடியில் ஏ.சி. ரூமில் உட்கார்ந்திருக்கிறவர்களுக்குக் காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று தெரியாது. புளியந்தோப்பில், வியாசர்பாடியில், ராயபுரத்தில் எட்டாம் கிளாஸ் பையனுக்குத் தெரியும். பரீட்சை முடிந்து மே மாதம் லீவு விட்டதும் ஆரம்பிக்கும் சீசன், ஆடிக் காற்று வரை போகும். ‘பாணா காத்தாடி’ என்று 2010-ல் ஒரு படம் வந்ததே ஞாபகமிருக்கிறதா? வட சென்னைக் காத்தாடிப் பையன்தான் ஹீரோ. அதர்வாவுக்கு அதுதான் முதல் படம். பாணா என்பது காத்தாடியில் ஒரு ரகம்.

வஜ்ரம் காய்ச்சிய வாசனை

சண்டை என்றால் ஆயுதம் வேண்டும். ஆயுதம், மாஞ்சா.

பழைய ஆட்களிடம் மாஞ்சா என்று சொல்லிப் பாருங்கள். கண் சொருகிவிடும். ஃப்யூஸ் போன டியூப்லைட், பல்பு, சோடா பாட்டில், எது கிடைத்தாலும் சரி. அதை உரலில் போட்டு இடிக்க வேண்டும். நாட்டு வைத்தியர் சூரணத்துக்கு வஸ்திரகாயம் செய்கிற மாதிரி துணியில் சலிக்க வேண்டும். முகப்பவுடர் கணக்காக இருந்தால்தான் உத்தமம். (டியூப்லைட்டுக்குள் பாதரசம் இருக்கிறது, அதை மூக்கால் இழுத்துக்கொண்டே இடித்தோம் என்பதெல்லாம் அந்த வயதில் யாருக்குத் தெரியும்?) தச்சு ஆசாரி உபயோகிக்கும் வஜ்ரத்தை ஒரு பழைய டின்னில் போட்டுக் காய்ச்சுவார்கள். தெருவே நாறும். அதில் சாதம் குழைத்த கஞ்சி, கலர்ப் பொடி, கண்ணாடித் தூள். ஒவ்வொரு தெருவுக்கும் ஒரு ஃபார்முலா. கோக்கோ கோலா கம்பெனிக்காரனாவது ரகசியத்தைச் சொல்லிவிடுவான், இவர்கள் சொல்ல மாட்டார்கள்.

இரண்டு விளக்குக் கம்பங்களுக்கு நடுவே பருத்தி நூலை இழுத்துக் கட்டி, அந்தக் கலவையைத் துணியில் வைத்து நூலை அழுத்திப் பிடித்தபடி நடக்க வேண்டும். பின்னால் ஒருவன் பிசிறு எடுத்துக்கொண்டே வருவான். வெயிலில் காய்ந்ததும் லொட்டாயில் சுற்றினால் ஆயுதம் ரெடி. விரலில் சைக்கிள் ட்யூப் ரப்பரோ பிளாஸ்திரியோ சுற்றிக்கொள்ளாமல் இதைத் தொட்டால் என்ன ஆகும் என்பதற்கு, அந்தக் காலத்துப் பையன்களின் ஆள்காட்டி விரலே சாட்சி.

டீல் போடுவதில் இரண்டு கட்சி உண்டு. ஒன்று இழுப்புக் கட்சி. எதிராளியின் நூலுக்கு அடியில் போய், சரசரவென்று இழுத்து அறுப்பது. வேகமாக முடிந்துவிடும், ஜெயித்தாலும் தோற்றாலும். இன்னொன்று விடுகிற கட்சி. நூல்கள் ஒன்றோடொன்று சிக்கிக்கொண்டதும், லொட்டாயை அவிழ்த்துவிட்டு நூலை ஓடவிடுவது. பார்க்கிறவனுக்கு, ‘என்னடா, இவன் சும்மா விட்டுக்கிட்டே இருக்கான்?’ என்று தோன்றும். விஷயம் அங்கேதான் இருக்கிறது. ஓடுகிற நூலில் தேய்மானம் பத்து இருபது மீட்டருக்குப் பரவிவிடும். நிற்கிற நூல், ஒரே புள்ளியில் அத்தனை தேய்ப்பையும் வாங்கிக்கொள்ளும். ரம்பம் ஓடுகிறது, கட்டை நிற்கிறது. எது அறும்? அவ்வளவுதான் கணக்கு. இதை ஐ.ஐ.டி.யில் சொல்லிக் கொடுப்பதற்கு முன்பே காசிமேட்டில் கண்டுபிடித்துவிட்டார்கள்.

அறுந்த காத்தாடி யாருக்குச் சொந்தம்? பிடிக்கிறவனுக்கு. அதனால்தான் கையில் முள் கட்டிய நீளக் கொம்போடு, வானத்தைப் பார்த்தபடி ஒரு கூட்டம் ஓடும். கீழே ரோடு இருக்கிறதா, ரயில் தண்டவாளம் இருக்கிறதா, மாடி முடிந்துவிட்டதா என்றெல்லாம் அது பார்க்காது. கைப்பிடிச் சுவர் இல்லாத மாடியிலிருந்து விழுந்த பையன்கள் ஒருவர் இருவர் இல்லை. பழைய கதையைச் சொல்லி உருகுகிறவர்கள் இதைக் கொஞ்சம் விட்டுவிட்டுத்தான் சொல்கிறார்கள்.

பெயர் சைனா, ஊர் நம்ம ஊர்

பருத்தி மாஞ்சாவிலேயே கழுத்து அறுபட்டிருக்கிறது. அது சாது என்று நான் சர்டிபிகேட் தரவில்லை. ஆனால் அதற்கு ஒரு குணம் உண்டு. பலமாக இழுத்தால் அது அறுந்துவிடும்.

அப்புறம் வந்தது நைலான். ‘சைனா மாஞ்சா’ என்று பெயர். ஏதோ பீஜிங்கிலிருந்து கப்பலில் வருகிறது என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். பெரும்பாலும் நம் நாட்டிலேயே தயாராகிற பிளாஸ்டிக் இழை. அதன் மேல் கண்ணாடித் தூள், சிலதில் உலோகத் தூள். விலை மலிவு. இடிக்க வேண்டாம், காய்ச்ச வேண்டாம், தெருவை நாற வைக்க வேண்டாம். கடையில் வாங்கி நேரே மாடிக்குப் போகலாம். முக்கியமான விஷயம், இது அறாது. எதிராளி காலி. ஆனால் அறாத நூல் ஒரு மரத்திலோ கம்பத்திலோ சிக்கி ரோட்டின் குறுக்கே நின்றால், அதற்கு எதிராளி யார் என்று தெரியாது.

ஒரு சின்னக் கணக்கு போடுங்கள். நீங்கள் பைக்கில் மணிக்கு 40 கிலோமீட்டரில் போகிறீர்கள். பெரிய வேகம் ஒன்றும் இல்லை. நொடிக்கு 11 மீட்டர். தலைமுடியை விடக் கொஞ்சம் தடிமனான ஒரு இழை, வெயிலில் கண்ணுக்கே தெரியாது. தெரிந்து, மூளைக்கு உறைத்து, கை பிரேக்குக்குப் போவதற்குள் பத்து மீட்டர் தாண்டியிருப்பீர்கள். பருத்தி நூல் என்றால் காயத்தோடு அறுந்துபோக ஒரு சான்ஸ் உண்டு. நைலான் விட்டுக் கொடுக்காது. அதுவே இழுபட்டு ரம்பமாக ஓடும். காசிமேட்டுக் கணக்கு இங்கேயும் செல்லும். கட்டையின் இடத்தில் கழுத்து.

2019 நவம்பரில், சென்னை கொருக்குப்பேட்டையில், அப்பா பைக் ஓட்ட, முன்னால் உட்கார்ந்து வந்த மூன்று வயதுக் குழந்தையின் கழுத்தில் மாஞ்சா பட்டது. குழந்தை பிழைக்கவில்லை. டெல்லியில் 2016 ஆகஸ்ட் 15 அன்று, ஒரே நாளில் மூன்று பேர். அதில் இரண்டு பேர், கார் மேல் கதவு வழியாகத் தலையை நீட்டி வேடிக்கை பார்த்துக்கொண்டு வந்த சின்னக் குழந்தைகள். காத்தாடி விட்டவன் அரை கிலோமீட்டர் தள்ளி எந்த மாடியிலோ இருந்திருப்பான். தன் நூல் என்ன செய்தது என்று அவனுக்குக் கடைசி வரை தெரியாமலே போயிருக்கலாம். இந்த விளையாட்டில் எனக்குப் பயமே அந்த இடத்தில்தான்.

பறவைகள் கதை தனி. காக்காயும் புறாவும் ஆந்தையும் இறக்கை அறுபட்டு விழும். மரத்தில் சிக்கிய நைலான் மக்காது. சீசன் முடிந்து மாசக்கணக்கானாலும் பொறி மாதிரி அப்படியே தொங்கிக்கொண்டிருக்கும். உலோகத் தூள் பூசியது கரன்ட் கம்பியில் விழுந்தால் ஏரியா முழுக்க இருட்டு.

சட்டம் என்ன சொல்கிறது?

முதலில் ஒரு தமாஷ். 1934-ம் வருட விமானச் சட்டம் என்று ஒன்று 2024 வரை நம் நாட்டில் அமலில் இருந்தது. அதில் ‘விமானம்’ என்றால் என்ன என்று ஒரு விளக்கம். பலூன், கிளைடர், ஆகாயக் கப்பல் என்று அடுக்கிக்கொண்டு வரும்போது நடுவில் காத்தாடியும் உண்டு! எட்டணாக் காத்தாடி விட்ட பையன்கள் எல்லாம் பேப்பர்படி பைலட்டுகள்.

சீரியஸ் விஷயத்துக்கு வருவோம். தேசிய பசுமைத் தீர்ப்பாயம் 2017 ஜூலையில், நைலான் மற்றும் செயற்கை இழை மாஞ்சாவுக்கு நாடு முழுவதும் தடை போட்டது. தயாரிக்கக் கூடாது, விற்கக் கூடாது, வைத்திருக்கக் கூடாது, உபயோகிக்கக் கூடாது. டெல்லி அரசு அதே வருடம் ஜனவரியிலேயே ஒரு படி மேலே போய், கண்ணாடி பூசிய எந்த நூலும் கூடாது, வெறும் பருத்தி நூல் மட்டும்தான் என்றது. சென்னையில் போலீஸ் கமிஷனர் உத்தரவு அறுபது நாள், அறுபது நாளாகப் புதுப்பிக்கப்பட்டு வந்திருக்கிறது. குண்டர் சட்டம் பாயும் என்று எச்சரித்ததும் உண்டு.

தடை சரி. ஆனால் பேப்பரில் போட்டோ வருகிறதே, கவனித்திருக்கிறீர்களா? மேஜை மேல் பறிமுதல் செய்த லொட்டாய்கள், பக்கத்தில் கலர் கலராக ஐம்பது காத்தாடிகள், பின்னால் தலை குனிந்து நாலு பையன்கள். லொட்டாயைப் பிடித்தது நியாயம். காத்தாடி என்ன பாவம் செய்தது? பேப்பரும் குச்சியும் யார் கழுத்தையும் அறுத்ததில்லை. பையன்களுக்கு ‘காத்தாடி விட்டால் கேஸ்’ என்றுதான் புரிகிறதே தவிர, ‘சாதா நூலில் விட்டால் ஒன்றும் இல்லை’ என்று யாரும் சொல்லித் தருவதில்லை. மாஞ்சா விற்கிறவனோ செல்போனில் ஆர்டர் எடுத்து வீட்டுக்கே அனுப்புகிறான். பிடிக்க வேண்டிய நுனி அது.

இந்தத் தொல்லை நமக்கு மட்டும் இல்லை. லாகூரில் வசந்த காலத்துக்கு ‘பசந்த்’ என்று ஒரு காத்தாடித் திருவிழா. ஊரே மஞ்சள் உடுத்தி மாடியில் நிற்கும். நூல் கழுத்தறுத்து, ஜனங்கள் செத்து, 2000-களின் நடுவில் தடை விழுந்தது. அதற்குப் பிறகு எத்தனையோ வருஷம் அந்த ஊர் வானம் காலி.

அகமதாபாத்தில் ‘ஒரு கோடி’ வாங்கலாம்!

‘‘ஒரு கோடி காத்தாடி வாங்கினேன்’’ என்று குஜராத்திக்காரர் சொன்னால் இன்கம்டாக்ஸுக்கு எழுதிப் போடாதீர்கள். அவர்கள் பாஷையில் ‘கோடி’ என்றால் இருபது.

ஜனவரி 14, உத்தராயண். நாம் பொங்கல் பானையில் கை வைத்திருக்கும்போது அகமதாபாத் முழுக்க மொட்டை மாடியில் இருக்கும். அன்று ஒரு நாள் போதாமல் 15-ம் தேதியும் ‘வாசி உத்தராயண்’, அதாவது பழைய உத்தராயண். நம்ம ஊர்ப் பழைய சோறு மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். மாடியிலேயே உந்தியு, ஜிலேபி, கடலை மிட்டாய், ஸ்பீக்கரில் பாட்டு. எதிராளி நூல் அறுந்ததும், ‘காய் போ ச்சே!’ என்று மாடிக்கு மாடி ஒரு கூச்சல். ‘வெட்டியாச்சு’ என்று அர்த்தம். 2013-ல் இந்தப் பெயரில் இந்திப் படமே வந்தது. பழைய ஊரின் குறுகலான சந்துகளில், நல்ல மாடி வைத்திருக்கிறவர்கள் அதை வெளியூர்க்காரர்களுக்கு வாடகைக்கு விடுகிறார்கள். 1989-லிருந்து சர்வதேசக் காத்தாடித் திருவிழா வேறு.

நடைபாதையில் கம்பம் நட்டு, ரோஸ் கலரில் நூல் காய்ச்சும் தொழிலாளர்கள் டிசம்பரிலேயே வந்துவிடுவார்கள். உத்தரப் பிரதேசத்திலிருந்து வருகிறவர்கள் நிறையப் பேர். கை முழுக்கப் பிளாஸ்திரி சுற்றிக்கொண்டு, ஒரு நாளைக்கு எத்தனையோ கிலோமீட்டர் நூலோடு முன்னும் பின்னும் நடப்பார்கள். ஊர் கொண்டாடுகிற இரண்டு நாளுக்கு, இவர்கள் விரல் இரண்டு மாசம் அறுபடும்.

அங்கேயும் கழுத்து அறுபடத்தான் செய்கிறது. ஆனால் அந்த ஊர் ஒன்று செய்கிறது. ஜனவரி பிறந்ததும் ஸ்கூட்டர் ஹேண்டில்பாரில், தலைக்கு முன்னால் வளைவாக ஒரு கம்பி மாட்டிக்கொள்வார்கள். நூல் வந்தால் கம்பியில் பட்டு மேலே வழுக்கிப் போகும். பார்க்க வேடிக்கையாகத்தான் இருக்கும். கழுத்து முக்கியமா, ஸ்டைல் முக்கியமா? பறவைகளுக்கு 2017 முதல் ‘கருணா அபியான்’ என்று அரசாங்கமே ஒரு திட்டம் வைத்து, சீசனில் அடிபட்டவற்றை எடுத்துப் போய் வைத்தியம் பார்க்கிறது.

நாம் கம்பி மாட்ட மாட்டோம், தெரியும். குறைந்தபட்சம் இதையாவது செய்யுங்கள். லீவு நாள் சாயங்காலம் கொருக்குப்பேட்டை, பெரம்பூர், வியாசர்பாடிப் பக்கம் மேம்பாலத்தில் ஏறும்போது ஹெல்மெட் கண்ணாடியை இறக்கிவிடுங்கள். கழுத்தில் ஒரு கர்ச்சீப்போ மஃப்ளரோ சுற்றிக்கொள்ளுங்கள். மேலே இருக்கிற மாடிக்கும் கீழே போகிற வண்டிக்கும் இடைவெளி குறைவது பாலத்தில்தான். குழந்தையை டேங்க் மேல் முன்னால் உட்கார வைக்காதீர்கள். இன்னொன்று. ஒரு பையன் வானத்தைப் பார்த்துக்கொண்டே ரோட்டின் குறுக்கே ஓடினால், அவனைத் திட்டிவிட்டு ஆக்ஸிலரேட்டரை முறுக்காதீர்கள். அவன் ஓடுகிறான் என்றால், அறுந்த நூல் அவனுக்கு முன்னாலோ பின்னாலோ வந்துகொண்டிருக்கிறது. வண்டியை நிறுத்துங்கள்.

வெட்டாமலும் ஜெயிக்கலாம்

‘அறுக்காமல் என்ன சார் காத்தாடி? சர்க்கரை இல்லாத பாயசம்’ என்று ஒரு கட்சி சொல்லும். அவர்களை வல்வெட்டித்துறைக்கு அனுப்ப வேண்டும்.

யாழ்ப்பாணத்தில் காத்தாடி என்று சொல்ல மாட்டார்கள். பட்டம். நாம் சொல்லும் சூத்திரம் அங்கே ‘முச்சை’. கொக்குப் பட்டம், பிராந்துப் பட்டம், எட்டுமூலைப் பட்டம், பாம்புப் பட்டம் என்று ஒரு பெரிய குடும்பமே இருக்கிறது. (பிராந்து என்றால் பருந்து. நீங்கள் வேறு ஏதாவது நினைத்திருந்தால் அது உங்கள் தவறு.) நம்ம ஊரில் மே வெயிலில் சீசன் என்றால், அவர்களுக்கு மார்கழி, தை. வாடைக் காற்று நின்று அடிக்கிற காலம்.

அந்தப் பட்டங்களில் ‘விண்’ கட்டுவார்கள். பட்டத்தின் தலைமாட்டில் ஒரு வில், அதில் விறைப்பாக இழுத்துக் கட்டிய ஒரு நாடா. காற்றில் அது அதிர்ந்து ‘ங்ஙொய்...’ என்று ஊர் முழுக்கக் கேட்கிற மாதிரி கூவும். பார்சல் கட்டுகிற பிளாஸ்டிக் நாடாகூட இதற்கு உதவுகிறது. ராத்திரி பட்டத்தை இறக்காமல் மரத்தில் கட்டிவிட்டுப் போய்ப் படுத்துக்கொள்வார்கள். விடிய விடியப் பட்டம் மேலே கூவிக்கொண்டிருக்கும். சத்தம் மாறினால், காற்று மாறுகிறது என்று பாயில் படுத்தபடியே தெரிந்துகொள்ளலாம்.

தைப்பொங்கல் அன்று வல்வெட்டித்துறைக் கடற்கரையில் பட்டப் போட்டி. யார் யாருடைய நூலை அறுத்தார்கள் என்பது இங்கே கணக்கே இல்லை. யார் பட்டம் புதுசு, யார் பட்டம் அழகு, யார் பட்டம் மேலே போய் வித்தை காட்டுகிறது என்பதுதான் மார்க். அதற்காக மாசக்கணக்கில் மூங்கில் சீவி, ஒட்டி, கப்பல், விமானம், மிருகம் என்று ஆள் உயரத்துக்கும் மேலே கட்டுகிறார்கள். நீளம், அகலம், கனம் மூன்றும் உள்ள ஒரு பொம்மையைப் பறக்கவிடுவதென்றால் சும்மாவா? பொங்கல் சாப்பிட்ட கையோடு ஆயிரக்கணக்கில் ஜனம் கடற்கரையில் கூடிவிடும்.

ஆபத்து அங்கே இல்லையா? 2021 டிசம்பரில் பருத்தித்துறைப் பக்கம் ஒரு ராட்சதப் பட்டம். இழுத்துப் பிடிக்கக் கயிறும், கயிற்றில் வரிசையாக ஆட்களும். காற்று திடீரென்று தூக்கியதும் மற்றவர்கள் கையை விட்டுவிட்டார்கள். ஒரு இளைஞர் மட்டும் விடவில்லை. ஆளையே முப்பது அடிக்கு மேல் தூக்கிக்கொண்டு போய்விட்டது. அந்த வீடியோ உலகம் பூராச் சுற்றியது. நல்லவேளை, உயிர் தப்பினார். ‘டீல்ல விட்டுட்டாங்க’ என்று சொல்வதற்கு முழு உரிமை உள்ள ஒரே மனிதர் அவர்தான். ஆனால் ஒன்று கவனியுங்கள். அங்கே ஆபத்து வந்தது, கயிற்றைப் பிடித்திருந்த ஆளுக்கு. ரோட்டில் பால் வாங்கப் போனவருக்கு இல்லை.

காத்தாடியின் ஜாதகத்தைப் பார்த்தால், அது அறுத்ததை விடச் சேர்த்ததுதான் ஜாஸ்தி. 1848-ல் நயாகரா நதியின் குறுக்கே தொங்குபாலம் கட்ட, முதல் இழையை இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்குக் கொண்டுபோனது ஒரு பையன் விட்ட காத்தாடி. 1901 டிசம்பர் 12 அன்று மார்க்கோனி அட்லாண்டிக் சமுத்திரத்துக்கு அந்தப் பக்கமிருந்து வந்த முதல் ரேடியோ சிக்னலைக் கேட்டபோது, அவருடைய ஏரியல் கம்பியை மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்ததும் ஒரு காத்தாடிதான். ரைட் சகோதரர்கள் 1899-ல் விமானத்துக்கு முன்னால் ஒத்திகை பார்த்ததும் காத்தாடியில்.

நம்ம பக்கமும் லேசாக மாற ஆரம்பித்திருக்கிறது. 2022 ஆகஸ்டில் மாமல்லபுரத்தில் சர்வதேசக் காத்தாடித் திருவிழா நடந்ததே, அதில் வானம் முழுக்க மீனும் ஆக்டோபஸும் டிராகனுமாக மிதந்தன. ஒரு அங்குலம் மாஞ்சா கிடையாது. டிக்கெட் வாங்கிக்கொண்டு ஜனம் அண்ணாந்து பார்த்துக் கழுத்து வலியோடுதான் வீட்டுக்குப் போனது. அந்த வலி பரவாயில்லை. ஆனால் வியாசர்பாடிப் பையன் டிக்கெட் வாங்கி வேடிக்கை பார்க்கிறவன் இல்லை, விடுகிறவன். அவனுக்கு ஒரு கிரவுண்டைத் திறந்துவிட்டு, சாதா நூலில் ஒரு போட்டி, முதல் பரிசு ஒரு சைக்கிள் என்று கார்ப்பரேஷன் ஒரு ஞாயிற்றுக்கிழமை நடத்திப் பார்க்கலாம். செலவு, மாஞ்சா ரெய்டுக்குப் போகிற ஜீப்பின் டீசலை விட அதிகம் ஆகாது.

அதுவரை, ஆசைப்படுகிறவர்களுக்கு ஒரு வழி. தையல் கடையில் சாதா பருத்தி நூல் கண்டு வாங்குங்கள். காத்தாடிக்கு ஒரு முழம் வால் ஒட்டுங்கள். மொட்டை மாடி வேண்டாம், கரன்ட் கம்பி வேண்டாம். மெரீனாவோ எலியட்ஸ் பீச்சோ போங்கள். எல்லோரும் சாயங்காலம் போவார்கள். அப்போது கடல் காற்று, காத்தாடியை ரோட்டுப் பக்கம்தான் தள்ளும். கோடை சீசனில் காலை எட்டு மணிக்குள் போய்விட்டால் காற்று பெரும்பாலும் மேற்கிலிருந்து வரும். அலைக்கு முதுகு காட்டாமல், கடலைப் பார்த்து நின்று விடுங்கள். காத்தாடி நேரே தண்ணீருக்கு மேல் போய் நிற்கும். அந்தப் பக்கம் பைக் எதுவும் வராது.